வசனமே இல்லாத படத்துக்கு எழுத என்ன இருந்தது? பிரான்சிஸ் மேரியனின் எழுத்து வாழ்க்கை

கேள்வி: மௌனப்படக் காலத்து ஹாலிவுட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர் பிரான்சிஸ் மேரியன் என்ற பெண்மணி என்று படித்தேன். வசனமே இல்லாத படத்துக்கு அவர் எதைத்தான் எழுதினார்? நாவல்களும் எழுதியிருக்கிறாராமே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்:

நம்மூரில் சினிமா எழுத்தாளர் என்றதும் 'கதை வசனம்' என்று பெயர் போடப்படுபவர்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் வசனம் இல்லாத இடத்தில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் வேலை கூடுதலாகவே இருந்தது. பேசும் படத்தில் ஒரு பாத்திரம் வாயைத் திறந்து சொல்லிவிடுவதை, மௌனப்படத்தில் ஒரு பொருளாகவோ, ஒரு கையசைவாகவோ, ஒரு காலி நாற்காலியாகவோ எழுதித் தர வேண்டும். மேரியன் அந்தக் கலையில் யாருக்கும் இரண்டாவதாக வைக்க முடியாதவர். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அன்றைக்கு 'எழுத்து' என்ற பெயரில் ஸ்டூடியோ மேசைக்கு எது போய்ச் சேர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு ரீல் என்பது 1,000 அடி பிலிம். 35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் ஒரு அடி ஒரு நொடியில் போய்விடும், ரீல் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். தியேட்டர்களில் பெரும்பாலும் அதைவிட வேகமாகவே ஓட்டினார்கள். ஒலி வந்து 24 பிரேம் என்று நிலைத்த பிறகு அதே ரீல் 11 நிமிடமாகச் சுருங்கியது. 1917 வாக்கில் முழுநீளப் படம் ஐந்திலிருந்து ஏழு ரீல் வரை. எழுத்தாளருக்குக் கிடைத்த மொத்த நிலம் அந்த ஐயாயிரம், ஏழாயிரம் அடிதான்.

இதில் டைட்டில் கார்டு, அதாவது காட்சிகளுக்கு நடுவே திரையில் எழுத்தாக வரும் அட்டை, எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடுங்கள். மெதுவாகப் படிப்பவர்களுக்கும் நேரம் தர வேண்டும் என்பதால் சொல்லுக்கு ஏறக்குறைய ஒரு அடி என்று ஒதுக்குவார்கள். பத்துச் சொல் கொண்ட கார்டுகள் அறுபது வைத்தால் 600 அடி, அதாவது அரை ரீலுக்கு மேல், நடிகர் முகமே தெரியாமல் கரைந்துவிடும். "அவள் வறுமையில் வாடினாள்" என்று கார்டு போடுவது எழுத்தாளருக்குச் சுலபம், படத்துக்கு நஷ்டம். நல்ல எழுத்தாளர் கார்டைக் குறைத்துக்கொண்டே போவார். குறைத்த இடத்தைப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்றால் நிரப்ப வேண்டும். அதை நிரப்பத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

எழுத்தாளர் எழுதித் தரும் தாள்கட்டுக்குள் பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும். முதலில் கதைச் சுருக்கம். அடுத்து பாத்திரங்களின் பட்டியல், வயதும் தோற்றமும் சேர்த்து. மூன்றாவது, எந்த செட்டில் எந்தெந்தக் காட்சி எண்கள் வருகின்றன என்ற பட்டியல். கூடம் என்றால் 4, 9, 31, 77 என்று வரிசையாக இருக்கும். கடைசியாகக் கன்டினியூட்டி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண் போட்டு, அது தூரக் காட்சியா குளோசப்பா, யார் எங்கிருந்து வருகிறார், எந்த இடத்தில் கார்டு வெட்டிச் சேர்க்கப்படும் என்பதுவரை அதில் இருக்கும்.

மூன்றாவது பகுதியைப் பலர் குமாஸ்தா வேலை என்று நினைப்பார்கள். ஸ்டூடியோ பணத்தை எண்ணியதே அதை வைத்துத்தான். கூடத்தில் நடக்கும் நான்கு காட்சிகளையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு செட்டைப் பிரித்துவிடலாம். 31ஆம் காட்சியை எடுக்க மறந்துபோனால் அதே செட்டை மறுபடி கட்ட வேண்டும். ஒரே ஒரு குளோசப்புக்காக ஒரு மாளிகையை எழுதி வைத்தவரின் கட்டு திரும்பி வரும். காட்சிகளை முன்னுக்குப் பின்னாகப் படமாக்குவதால், 9இல் கிழிந்த சட்டை 31இல் முழுசாக இருந்தால் எழுத்தாளரைத்தான் கேட்பார்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், கதையை இந்தக் கட்டுக்குள் அடைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மேரியன் இந்த வேலைக்கு வந்த வழி தற்செயல் மாதிரி தெரியும், ஆனால் அவருக்குத் தேவையான பயிற்சி அத்தனையும் அந்த வழியிலேயே கிடைத்தது. 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், இயற்பெயர் மேரியன் பென்சன் ஓவன்ஸ். படித்தது ஓவியம். பத்திரிகையில் வேலை பார்த்திருக்கிறார், லாஸ் ஏஞ்சலஸ் வந்து நாடகக் கம்பெனிக்குப் போஸ்டர் வரைந்திருக்கிறார். போஸ்டர் வரைபவருக்கு ஒரு கதையை ஒரே முகத்தில், ஒரே நிலையில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய காட்சிகளில் இந்தக் கண் நன்றாகவே தெரிகிறது.

1914இல் பாஸ்வர்த் கம்பெனியில் இயக்குநர் லோயிஸ் வெபர் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கே நடிப்பு, வெட்டி ஒட்டுதல், எழுத்து என்று எல்லா வேலையும் பழகினார். அப்போது செய்த ஒரு சின்ன வேலையைச் சொன்னால் அந்தக் காலம் கண்முன் வரும். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்கள் வாயசைப்பதற்காகக் கண்டதையும் பேசிக்கொண்டிருப்பார்கள். காது கேளாத ரசிகர்கள் உதட்டைப் படித்து, திரையில் நடப்பதற்கும் இவர்கள் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை என்று புகார் எழுதினார்கள். அதனால், யார் காதிலும் விழப்போகாத பேச்சைக் கூட்டத்துக்காக எழுதித் தரும் வேலை மேரியனுக்கு வந்தது. மௌனப்படத்தில் அவர் எழுதிய முதல் 'வசனம்' இதுதான் என்று சொல்லலாம்.

அடுத்து ஒரு அடி விழுந்தது. அன்றைய பெரிய நட்சத்திர நடிகை மேரி பிக்ஃபோர்டுக்காக 'தி ஃபவுண்ட்லிங்' என்ற கதையை 125 டாலருக்கு விற்றார். படம் எடுத்து முடித்தாயிற்று. 1915 செப்டம்பரில் நியூயார்க் ஸ்டூடியோவில் நடந்த தீவிபத்தில் நெகட்டிவ் எரிந்துபோனது. அன்றைய நைட்ரேட் பிலிமில் தீப் பற்றினால் அணைப்பது கஷ்டம். ஒரு பிரிண்டும் வெளியே போகாமல் நெகட்டிவ் போனால் படமே போனது மாதிரிதான், மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். தன் பெயரைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத நிலையில், நியூஜெர்ஸி மாநிலம் ஃபோர்ட் லீயில் இயங்கிய வேர்ல்ட் ஃபிலிம் கம்பெனிக்குப் போனார். இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வைத்த நிபந்தனை.

அங்கே அவர் செய்தது, சினிமா எழுத வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். புதிதாக ஒரு கதை எழுதி நீட்டவில்லை. வெளியிடத் தகுதியில்லை என்று பரணில் போட்டிருந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கம்பெனித் தலைவர் வில்லியம் பிரேடியின் மகள் ஆலிஸ் நடித்த படம். சோகம் என்று எடுத்திருந்தார்கள், பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் எதையும் மறுபடி எடுக்கப் பணம் கிடையாது. மேரியன் முன்னால் ஒரு புதிய தொடக்கமும் பின்னால் ஒரு புதிய முடிவும் மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு அதே நடுப்பகுதி வேண்டுமென்றே எடுத்த நகைச்சுவையாக மாறிவிட்டது. அந்தப் படம் விநியோகத்துக்கு 9,000 டாலருக்கு விலைபோனது. மேரியனுக்கு வாரம் 200 டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. எடுத்த காட்சியை மாற்றாமலே அதன் அர்த்தத்தை மாற்றலாம் என்று தெரிந்தவர் ஸ்டூடியோவுக்குத் தங்கம். 27 வயதில் அவர் அதைக் கண்டுகொண்டார்.

பிக்ஃபோர்டோடு சேர்ந்து செய்த படங்கள் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. 'தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்' 1917இல் வந்தது. 24 வயது பிக்ஃபோர்ட் பதினோரு வயதுச் சிறுமியாக நடிக்க வேண்டும். இதைச் சாத்தியமாக்க நாற்காலி, கதவு எல்லாவற்றையும் அளவுக்கு மீறிப் பெரிதாகச் செய்து வைத்தார்கள். ஆனால் பெரிய நாற்காலி மட்டும் ஒருவரைக் குழந்தையாக்கிவிடாது, குழந்தை செய்கிற காரியங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மேரியனும் பிக்ஃபோர்டும் சேர்த்துக்கொண்ட சேற்றுச் சண்டை அப்படி வந்தது. இயக்குநர் மாரிஸ் டூர்னருக்கு அதில் விருப்பமில்லை. முடித்த படத்தை ஸ்டூடியோ அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை, படம் தோல்வி என்றே முடிவுகட்டினார்கள். மக்கள் நிறைந்த அரங்கில் அதே படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. காலி அறையில் நான்கு பேரோடு பார்த்து நகைச்சுவையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இதன் பிறகு மேரியனின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு உயர்ந்தது.

அடுத்த ஆண்டு வந்த 'ஸ்டெல்லா மாரிஸ்' எனக்கு அதைவிட முக்கியமான படம். பிக்ஃபோர்டுக்கு இரட்டை வேடம். ஒருத்தி, உலகத்தின் துன்பமே தெரியாமல் வளர்க்கப்படும் அழகி. இன்னொருத்தி யூனிட்டி பிளேக், அனாதை விடுதியில் வளர்ந்த, கோணல் தோளும் வெளிறிய முகமும் கொண்ட பெண். முடிவில் யூனிட்டி, நாயகனின் கொடுமைக்கார மனைவியைச் சுட்டுக் கொன்று தானும் சாகிறாள், அழகி வாழ்வதற்காக. கதை வில்லியம் லாக்கின் நாவலிலிருந்து வந்தது. ஆனால் இந்த அமைப்பை மனதில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அழகில்லாத ஒருத்தி வெளியே நிற்க, அவள் கொடுக்கும் விலையில் உள்ளே இன்னொருத்தி வாழ்கிறாள். மேரியனின் பெரிய படங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் உலகப் போரின்போது அரசுக்காக ஐரோப்பா போய், பெண்களின் போர்க்காலப் பணிகளைப் படமாக்கினார். திரும்பி வந்து 'தி லவ் லைட்' உட்பட சில படங்களை இயக்கினார், அந்த வேலையை நீண்ட நாள் தொடரவில்லை. கணவர் ஃபிரெட் தாம்சன் குதிரை வீரர் படங்களின் நட்சத்திரம். அவர் நடித்த படங்களுக்கு ஃபிராங்க் எம். கிளிஃப்டன் என்ற ஆண் பெயரில் எழுதியிருக்கிறார். தாம்சன் 1928 கிறிஸ்துமஸ் அன்று வில்வாத ஜன்னியில் இறந்துபோனார். லாயத்தில் ஆணி குத்திய காயம்.

1925இல் வந்த 'ஸ்டெல்லா டல்லாஸ்' படத்தில் ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாகரிகம் தெரியாதவள் என்று ஊரார் ஒதுக்கும் ஒரு தாய், மகளுக்குப் பிறந்தநாள் விருந்து வைக்கிறாள். மேசை முழுவதும் தட்டுகள், அலங்காரம், நாற்காலிகள். நேரம் போகிறது. ஒருவரும் வரவில்லை. கடைசியில் தாயும் மகளும் மட்டும் உட்கார்ந்து, சந்தோஷமாக இருப்பதுபோல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். ஊர் அவமதித்தது என்று சொல்ல ஒரு கார்டும் தேவைப்படவில்லை. காலியான நாற்காலிகளே போதும். படத்தின் முடிவில் மகளின் திருமணம் உள்ளே நடக்கிறது. தாய் தெருவில், மழையில், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மூலம் ஆலிவ் ஹிக்கின்ஸ் பிரவுட்டியின் நாவல்.

நாவலைப் படமாக்கும்போது எங்கே தவறு நடக்கும் என்றால், ஆசிரியர் பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து எழுதிய பக்கங்களில்தான். அவற்றைக் கார்டில் போட முடியாது, விட்டுவிட்டாலோ கதை எலும்புக்கூடாகிவிடும். மேரியன் எப்படிச் சமாளித்தார் என்று பார்க்க 1928இல் வந்த 'தி விண்ட்' படத்துக்கு வாருங்கள். டோரத்தி ஸ்கார்பரோவின் நாவல். டெக்ஸாஸின் வறண்ட நிலத்துக்கு வரும் ஒரு பெண், ஓயாத காற்றால் மனம் பேதலிக்கிறாள். காற்றின் ஓசைதான் கதையின் உயிர், படமோ ஊமைப்படம். ஓசையைத் தர முடியாதபோது மணலைத் தருகிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் மணல், கதவைத் திறந்தால் மணல், தட்டு கழுவவும் மணல். நாயகி லெட்டி வந்து தங்கும் வீட்டில், வீட்டுக்காரி கோரா மாட்டின் உடலைக் கூறுபோட்டுக்கொண்டிருக்கிறாள், கை முழுக்க ரத்தம். லெட்டியோ அதே அறையில் துணிக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருக்கிறாள். கோராவின் பிள்ளைகள் பெற்றவளின் ரத்தக் கையை விட்டு விலகி லெட்டியிடம் ஒட்டிக்கொள்கின்றன. பொறாமை என்ற சொல்லே இல்லாமல், இந்த வீட்டில் லெட்டிக்கு இனி இடமில்லை என்பது அந்த ஒரு நிலையிலேயே புரிந்துவிடுகிறது. பின்னால் அவள் புதைத்த பிணத்தின் மேலிருந்து காற்று மணலை விலக்கிக்கொண்டே போகும் காட்சியில், அவள் மனதுக்குள் இருக்கும் அச்சம் வெளியே வந்து கிடக்கிறது.

மோஹாவி பாலைவனத்தில், விமான எஞ்சின்களை ஓடவிட்டு மணலை முகத்தில் வீசி எடுத்த படம் அது. இயக்கியவர் விக்டர் ஷோஸ்ட்ராம், நடித்தவர் லிலியன் கிஷ். நாவலில் நாயகி புயலுக்குள் நடந்து மறைகிறாள், படம் அப்படி முடிவதில்லை. ஸ்டூடியோ கட்டாயப்படுத்தி முடிவை மாற்றியது என்று கிஷ் பிற்காலத்தில் சொல்லிவந்தார். எழுதும்போதே மாற்றம் வந்துவிட்டது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், கடைசிச் சில நிமிடங்கள் அதற்கு முன் வந்ததோடு ஒட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. படம் வெளிவந்த நேரமும் சரியில்லை. ஊரெல்லாம் பேசும் படத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் படம் தோற்றது.

ஒலி வந்ததும் மௌனப்பட எழுத்தாளர்கள் பலருக்கு வேலை போயிற்று. நியூயார்க் நாடக ஆசிரியர்களை ரயில் ரயிலாக வரவழைத்தார்கள். மேரியன் நிலைத்தது மட்டுமல்ல, அவருடைய பெரிய வெற்றிகளே அதற்குப் பிறகுதான். 1930இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ, தன் மௌனப்பட நட்சத்திரம் கிரெட்டா கார்போவைப் பேசவைக்க எடுத்த 'அன்னா கிறிஸ்டி' படத்தைப் பாருங்கள். யூஜின் ஓ'நீலின் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம். நாயகி ஸ்வீடன்காரி, கார்போவின் உச்சரிப்பு குறையாகத் தெரியாது, பாத்திரத்துக்கு உரியதாகிவிடும். அன்றைய ஒலிப்பதிவின் கஷ்டத்துக்கும் பொருந்தியது. கேமராவின் இரைச்சல் மைக்கில் ஏறாமலிருக்க அதை ஒரு கூண்டுக்குள் அடைத்திருந்தார்கள், நடிகர்கள் மைக் இருக்கும் இடத்தை விட்டு அதிகம் நகர முடியாது. மதுக்கடை மேசையில் உட்கார்ந்து பேசும் நாடகம் அதற்குத் தோதானது.

கார்போ திரைக்கு வரவே சுமார் 16 நிமிடம் ஆகிறது. அதுவரை கிழட்டு அப்பாவும், மார்த்தி என்ற குடிகாரக் கிழவியும் பேசிப் பேசி நம்மைக் காத்திருக்க வைக்கிறார்கள். பிறகு பெட்டியோடு ஒரு பெண் உள்ளே வந்து, களைத்துப்போய் உட்கார்ந்து, விஸ்கி கொண்டுவரச் சொல்கிறாள். அந்த வரி ஓ'நீலுடையது, சட்டென்று முடிந்துவிடும் வரி. நட்சத்திரத்தின் முதல் பேச்சு என்று அதை நீட்டவில்லை, புதிதாக எதையும் எழுதவில்லை. எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் எழுத்துத்தான்.

கை வைத்த இடம் வேறு. நாடகத்தில் மார்த்தி முதல் அங்கத்தோடு மறைந்துவிடுகிறாள். மேரியன் அவளைக் கேளிக்கைப் பூங்காக் காட்சியில் மறுபடி கொண்டுவந்தார். அந்த வேடத்தில் நடித்தவர் மேரி டிரஸ்லர். ஒரு காலத்தில் மேடையில் கொடிகட்டிப் பறந்து, பிறகு வாய்ப்பே இல்லாமல் போனவர். பத்திரிகையில் இருந்த நாளிலிருந்து மேரியனுக்கு அவரைத் தெரியும். 1927இல் அவருக்காகவே ஒரு படம் எழுதினார். அயர்லாந்து வம்சாவளியினரின் எதிர்ப்பால் அந்தப் படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மேரியன் விடவில்லை. 'அன்னா கிறிஸ்டி'யில் டிரஸ்லர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார். அதே ஆண்டு 'மின் அண்ட் பில்' படத்தில் தலைமை வேடம், அதற்கு ஆஸ்கர். அறுபது வயதைத் தாண்டிய, பருத்த உடலுடைய ஒரு பெண்மணி எம்.ஜி.எம்.மின் மிகப் பெரிய வசூல் நட்சத்திரமானார்.

'மின் அண்ட் பில்' பின்னணியிலும் ஒரு நட்பு இருக்கிறது. காசநோயில் படுத்திருந்த சக எழுத்தாளர் லோர்னா மூனுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று, அவருடைய நாவலை ஸ்டூடியோ வாங்கும்படி மேரியன் செய்தார். படத்துக்கும் நாவலுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. கதை முழுக்க மேரியன் பாணிதான். துறைமுகத்தில் விடுதி நடத்தும் முரட்டு மின், தான் வளர்த்த பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவதற்காக, அதைக் கெடுக்க வந்த அந்தப் பெண்ணின் தாயைச் சுட்டுக் கொல்கிறாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போக, மணப்பெண் கப்பலில் போவதைப் பார்த்து மகிழ்கிறாள். 1918இன் யூனிட்டி பிளேக்கையும் 1925இன் ஜன்னலோரத் தாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே எலும்பு. ஒருவர் திரும்பத் திரும்ப எழுதியது சரக்குத் தீர்ந்துபோனதாலா, அந்த ஒன்றுதான் அவருடைய கதை என்பதாலா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

'தி பிக் ஹவுஸ்' வேறு ரகம். சிறைக் கதை எழுத மேரியன் சான் குவென்டின் சிறைக்கு நேரில் போனார். படத்தின் தொடக்கத்தில், குடித்துவிட்டு வண்டியோட்டி ஒருவரைக் கொன்ற கென்ட் என்ற இளைஞன் சிறைக்குள் சேர்க்கப்படும் முறை படிப்படியாக வருகிறது. இப்படி விவரம் சேர்ந்ததால்தான், பிறகு ஒரு கத்தியை வைத்து முழுக்கதையையும் திருப்ப முடிந்தது. உணவுக்கூடத்தில் சாப்பாடு சரியில்லை என்று கலாட்டா செய்து தனிச்சிறைக்குப் போகும் புட்ச் என்ற கைதி, போகுமுன் தன் கத்தியைக் கைமாற்றி விடுகிறான். சோதனை வரும்போது கென்ட் பயந்துபோய் அதை மார்கன் என்ற இன்னொரு கைதியின் உடைமையில் ஒளித்துவைக்கிறான். மறுநாள் விடுதலையாக வேண்டிய மார்கனுக்குப் பரோல் போய்விடுகிறது. கோழைத்தனம், துரோகம், பழிவாங்கும் வெறி மூன்றையும் ஒரே சின்னப் பொருள் சுமக்கிறது. மௌனப்படக் கைவண்ணம் ஒலிப்படத்துக்குள் எப்படிக் குடிபுகுந்தது என்று பார்க்க இந்தக் கத்தி ஒன்றே போதும்.

இந்தப் படத்தில் தவறும் நடந்தது. தப்பி வெளியே வரும் மார்கன் காதலிக்கும் பெண், முதலில் கென்டின் மனைவியாக எழுதப்பட்டிருந்தாள். பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டிய பிரிவியூவில், இன்னொருவன் மனைவி என்பதைக் கூட்டம் ஏற்கவில்லை. தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் அவளைத் தங்கையாக மாற்றச் சொன்னார், வேண்டிய காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்தார்கள். பிரிவியூ பார்த்து ரீடேக் எடுப்பதற்கென்றே பணம் ஒதுக்கி வைத்திருந்த ஸ்டூடியோ அது. எந்த ஷாட்டுகளைத் தொட்டால் போதும் என்று சட்டெனச் சொல்லக்கூடிய எழுத்தாளர் அங்கே பக்கத்திலேயே இருக்க வேண்டும். 1930இல் எழுத்துக்கான ஆஸ்கரை இந்தப் படம் மேரியனுக்குத் தந்தது, எழுத்துக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் அவர்தான். அடுத்து, நொடிந்துபோன குத்துச்சண்டை வீரனையும் அவனைக் கவனித்துக்கொள்ளும் சிறு மகனையும் பற்றிய 'தி சாம்ப்' அசல் கதைக்காக 1932இல் இரண்டாவது ஆஸ்கர்.

அவர் 300 படங்களுக்கு மேல் எழுதினார் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பெயர் வந்த படங்கள் நூற்றுக்கு மேல் என்பது உறுதி. அதற்கு மேல் கணக்குப் போடுவது கடினம், ஏனென்றால் ஒரே கதையை ஐந்தாறு பேரிடம் கொடுத்து மாற்றி மாற்றி எழுத வைப்பது ஸ்டூடியோ வழக்கம், யார் பெயரைப் போடுவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்தார். இந்த அநியாயம்தான் சங்கத்துக்கு வித்திட்டது. 1933 மார்ச்சில் வங்கிகள் மூடப்பட்டதைக் காரணம் காட்டி ஸ்டூடியோக்கள் சம்பளத்தைப் பாதியாக வெட்டின. அடுத்த மாதமே திரை எழுத்தாளர்களின் சங்கமான ஸ்கிரீன் ரைட்டர்ஸ் கில்ட் புத்துயிர் பெற்றது, மேரியன் அதன் துணைத் தலைவர். மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் சங்கத்தில் சேர வேண்டிய தேவையே இல்லை. வாரம் ஐம்பது டாலருக்கு எழுதுபவர்களோடு அவர் போய் நின்றதை நான் அவருடைய இரண்டு ஆஸ்கருக்கும் மேலாக வைக்கிறேன்.

இனி நாவல்களுக்கு வருகிறேன். முதல் நாவல் 'மின்னி ஃபிளின்' 1925இல் வந்தது. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் சினிமா நட்சத்திரமாகி, பிறகு சரிந்து விழும் கதை. 'ஸ்டெல்லா டல்லாஸ்' வந்த அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பகலில் ஸ்டூடியோவுக்குக் கண்ணீர்க் கதை எழுதிய அதே கை, அந்த ஸ்டூடியோக்கள் ஆட்களை எப்படி ஆக்கி எப்படிக் கைவிடுகின்றன என்பதைப் புத்தகத்தில் எழுதியது. படத்தில் இதைச் சொல்ல விடமாட்டார்கள். 1935இல் 'வேலி பீப்பிள்', 1937இல் 'மோலி, பிளெஸ் ஹர்'. பின்னதில் வரும் வயதான நடிகைக்கு மேரி டிரஸ்லர்தான் மாதிரி. டிரஸ்லர் 1934இல் புற்றுநோயால் இறந்திருந்தார். இந்த நாவல் 1945இல் 'மோலி அண்ட் மீ' என்று படமானது. தொடர்பு இருவழிப்பட்டது: படவுலகில் பார்த்த மனிதர்கள் நாவலுக்குப் போனார்கள், நாவலிலிருந்து மறுபடி படத்துக்கு வந்தார்கள். இலக்கியமாகப் பார்த்தால் நாவல்கள் அவருடைய திரை எழுத்தின் உயரத்தைத் தொடவில்லை. காட்சியில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் பேசாமலிருக்கத் தெரிந்தவருக்கு, உரைநடையில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. 1937இலேயே புதியவர்களுக்காகத் திரைக்கதை எழுதி விற்பது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினார். அந்தக் காலத்து வேலைமுறையை அறிய நாவல்களைவிட அது பயன்படும்.

1936இல் தால்பெர்க் இறந்த பிறகு எம்.ஜி.எம்.மில் மேரியனின் பிடி தளர்ந்தது. கதையை முதல் கருவிலிருந்து ரீடேக் வரை பின்தொடர்ந்த முறை போய், வந்த கட்டைத் திருத்திக் கொடுக்கும் வேலை மிஞ்சியது. 1940களின் நடுவில் ஹாலிவுட்டை விட்டு விலகி நாவலும் சிற்பமுமாக இருந்தார். 1972இல் நினைவுக் குறிப்பு நூல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு காலமானார்.

அவரை அறிய விரும்பினால் 'ஸ்டெல்லா மாரிஸ்', 'தி விண்ட்', 'தி பிக் ஹவுஸ்' மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். முதல் இரண்டுக்கும் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டைட்டில் கார்டு வரும்போதும் நிறுத்தி, அந்தக் கார்டு இல்லாவிட்டாலும் காட்சி புரிந்திருக்குமா என்று குறியுங்கள். மூன்றாவதில் ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டு, உணவுக்கூடத்திலிருந்து கத்தி பிடிபடும் இடம் வரை பார்த்து, பிறகு ஒலியோடு அதையே இன்னொரு முறை பாருங்கள்.